மிசிசிப்பி 1964: அந்த 87 சதவீதம் யாருடையது?

தேர்தல் முடிவுகளின் அட்டவணையை வரிசை வரிசையாகப் படிக்கும் பழக்கம் எனக்கு உண்டு. யார் ஜெயித்தார் என்பதைவிட, எந்த ஊர் ஏன் அப்படி ஓட்டுப் போட்டது என்பதில்தான் எனக்கு ஆர்வம் அதிகம். அமெரிக்காவின் பழைய அதிபர் தேர்தல்களை அப்படிப் படித்துக்கொண்டு வந்தபோது, ஒரு வரி என்னை அப்படியே நிறுத்திவிட்டது. 1964ஆம் ஆண்டு, மிசிசிப்பி மாநிலம். குடியரசுக் கட்சியின் பாரி கோல்ட்வாட்டர் 3,56,528 வாக்குகள். அப்போது அதிபராக இருந்த, ஜனநாயகக் கட்சியின் லிண்டன் ஜான்சன் 52,618 வாக்குகள். சதவீதத்தில் 87.1க்கு 12.9.

இதை நாடு முழுவதும் நடந்ததோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். அந்தத் தேர்தலில் ஜான்சன் 61 சதவீத வாக்குகளோடு ஜெயித்தார். 44 மாநிலங்களும் தலைநகர் வாஷிங்டனும் அவர் பக்கம் நின்றன. கோல்ட்வாட்டருக்குக் கிடைத்தவை ஆறே மாநிலங்கள்: சொந்த மாநிலமான அரிசோனா, அப்புறம் தெற்கின் ஆழத்தில் இருக்கும் ஐந்து. அந்த ஐந்திலும் மிசிசிப்பிதான் உச்சம். நாடே ஒரு பக்கம் சாய்ந்தபோது ஒரு மாநிலம் மட்டும் ஏறத்தாழ ஒரே குரலில் எதிர்ப்பக்கம் நின்றது. மக்களில் பத்துக்கு ஒன்பது பேர் ஒரே மாதிரி நினைக்கும் ஊர் ஒன்று உண்டா என்றுதான் முதலில் தோன்றும்.

சரி, இன்னும் கொஞ்சம் பின்னால் போனால் வியப்பு கூடுகிறது. 1936இல் இதே மாநிலம் ஜனநாயகக் கட்சியின் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டுக்கு 97 சதவீத வாக்குகளை அள்ளிக் கொடுத்திருந்தது. 28 ஆண்டுகளில் 97 சதவீதம் 13ஆகச் சுருங்கிவிட்டது. 1872இல் கிரான்ட் ஜெயித்த பிறகு குடியரசுக் கட்சியின் எந்த அதிபர் வேட்பாளரும் மிசிசிப்பியில் வென்றதே இல்லை. கோல்ட்வாட்டர்தான் அடுத்தவர்.

இந்த மாற்றத்தை ஒரே இரவில் நடந்ததாகச் சொல்பவர்கள் உண்டு. அது சரியில்லை என்பது என் கருத்து. 1948இல் ஜனநாயகக் கட்சி அதிபர் ஹாரி ட்ரூமன் கறுப்பின மக்களின் உரிமை பற்றிப் பேசத் தொடங்கியதுமே மிசிசிப்பி அவரைக் கைவிட்டு, இனப் பிரிவினைக்காகத் தனிக்கட்சி கண்ட ஸ்ட்ராம் தர்மண்டுக்கு 87 சதவீதம் கொடுத்தது. 1960இல் கென்னடியும் வேண்டாம், நிக்சனும் வேண்டாம் என்று, யாருக்கும் வாக்குறுதி தராத தேர்வர் (அதிபரைத் தேர்ந்தெடுக்க மாநிலம் அனுப்பும் பிரதிநிதி) பட்டியல் ஒன்றை முதலிடத்துக்குக் கொண்டுவந்தது. அந்த எட்டுத் தேர்வர்களும் வர்ஜீனியாவின் செனட்டர் ஹாரி பேர்டுக்கு வாக்களித்தார்கள். ஆக, 1948இலும் 87, 1964இலும் 87. கட்சியின் பெயர் மாறிக்கொண்டிருந்தது. வாக்குப்பெட்டிக்கு வந்தவர்களும் அவர்கள் கேட்டதும் மாறவில்லை.

கேட்டது என்ன என்பதில் ரகசியம் இல்லை. 1964 ஜூன் 19 அன்று, இனப் பாகுபாட்டைத் தடைசெய்யும் குடிமை உரிமைச் சட்டம் செனட்டில் 73க்கு 27 என்று நிறைவேறியது. எதிர்த்து வாக்களித்தவர்களில் கோல்ட்வாட்டரும் ஒருவர். 1957, 1960 ஆண்டுகளின் குடிமை உரிமைச் சட்டங்களை ஆதரித்தவர்தான் அவர். உணவகம், விடுதி, வேலை போன்ற தனியார் விஷயங்களில் மத்திய அரசு தலையிட அரசியலமைப்பு இடம் தரவில்லை என்பது அவர் சொன்ன காரணம். அவர் மனதில் இருந்தது எதுவாகவும் இருக்கட்டும், மிசிசிப்பியின் வெள்ளை வாக்காளருக்கு அந்தக் காரணத்தின் நுணுக்கம் தேவைப்படவில்லை. அந்த ஒரு ‘இல்லை’ போதுமானதாக இருந்தது.

இதுவரை சொன்னது எந்த வரலாற்று நூலிலும் கிடைக்கும். என்னை உண்மையில் உலுக்கியது வேறு ஒரு கணக்கு. கோல்ட்வாட்டர், ஜான்சன் இருவரின் வாக்குகளையும் கூட்டினால் 4,09,146. அன்றைய மிசிசிப்பியில் வாக்களிக்கும் வயதில் இருந்த கறுப்பின மக்கள் சுமார் 4,22,000 பேர். அதாவது மாநிலம் முழுவதும் விழுந்த மொத்த வாக்குகளைவிட, வாக்களிக்கும் வயதுள்ள கறுப்பின மக்களின் எண்ணிக்கை அதிகம். அவர்களில் வாக்காளராகப் பதிவு செய்ய முடிந்தவர்கள் ஏறத்தாழ 28,500 பேர். நூற்றுக்கு ஏழு பேர்கூட இல்லை.

இதைத் தெரிந்துகொண்ட பிறகு அந்த 87ஐ ‘மிசிசிப்பியின் தீர்ப்பு’ என்று என்னால் சொல்ல முடியவில்லை. வாசலில் நின்றவர்கள் யாரை உள்ளே விட்டார்களோ, அவர்களுடைய தீர்ப்பு அது.

வாசல் எப்படி அடைக்கப்பட்டது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். உள்நாட்டுப் போர் முடிந்து, 1867இல் முதன்முறை பதிவு நடந்தபோது மிசிசிப்பியின் வாக்காளர்களில் பெரும்பான்மை கறுப்பின மக்கள்தான். ஹைரம் ரெவல்ஸ், பிளான்ச் புரூஸ் என்று இரண்டு கறுப்பின செனட்டர்களை வாஷிங்டனுக்கு அனுப்பிய மாநிலம் அது. 1875 தேர்தலில் துப்பாக்கியும் தடியும் அந்தக் காலத்தை முடித்துவைத்தன. ஆனால் ஒவ்வொரு தேர்தலுக்கும் அடிதடி நடத்திக்கொண்டிருப்பது ஆள்பவர்களுக்கே சங்கடமாக இருந்தது. அதையே சட்டமாக எழுதிவிடலாம் என்று 1890இல் ஜாக்சன் நகரில் கூடினார்கள். வந்திருந்த 134 பேரில் ஒரே ஒருவர் கறுப்பினத்தவர். அங்கே எழுதிய புதிய மாநில அரசியலமைப்பை மக்கள் வாக்கெடுப்புக்கு விடாமலேயே அமலாக்கினார்கள்.

நாட்டின் அரசியலமைப்பு இன அடிப்படையில் ஓட்டுரிமையைப் பறிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டதால், இனம் என்ற சொல்லையே அவர்கள் தொடவில்லை. இரண்டு டாலர் வாக்கு வரி வைத்தார்கள். அது மிக ஏழைகளுக்குப் பெரிய தொகை. அதோடு, அரசியலமைப்பின் எந்தப் பிரிவையாவது படிக்கவோ, படித்துக் காட்டும்போது புரிந்துகொண்டு விளக்கவோ தெரிய வேண்டும் என்றார்கள். விளக்கம் சரியா தவறா என்று முடிவு செய்வது கவுண்டி நீதிமன்றத்தின் கிளார்க். (கவுண்டி என்பதை நம் மாவட்டம் போல நினைத்துக்கொள்ளலாம், ஆனால் மிகச் சிறியது.) 1950களில் இந்தச் சோதனையை இன்னும் இறுக்கினார்கள். கொடுத்த பிரிவைப் பார்த்து எழுத வேண்டும், அதற்குப் பொருள் எழுத வேண்டும், குடிமகனின் கடமைகள் பற்றித் தனியாகவும் எழுத வேண்டும். வெள்ளையருக்கு ஒற்றை வரியில் முடியும் பிரிவும் கறுப்பருக்குச் சட்ட வல்லுநரே திணறும் பிரிவும் கொடுக்க கிளார்க்கால் முடியும். ஏன் தோற்றாய் என்று அவர் சொல்ல வேண்டியதில்லை. 1962இல் இன்னொன்றும் சேர்ந்தது: விண்ணப்பித்தவர்களின் பெயரை இரண்டு வாரம் உள்ளூர்ப் பத்திரிகையில் வெளியிட வேண்டும். இது எதற்கு என்று யோசித்தால் நெஞ்சு கனக்கிறது. பண்ணையார் படிப்பார், கடன் கொடுத்த வங்கிக்காரர் படிப்பார், இரவில் வண்டியில் சுற்றித் தாக்குபவர்களும் படிப்பார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் மிசிசிப்பி டெல்டா பகுதியில் காரில் போகும் வாய்ப்பு கிடைத்தபோது, வேண்டுமென்றே இண்டியனோலாவிலிருந்து ரூல்வில் வரை போகும் சாலையைத் தேர்ந்தெடுத்தேன். 26 மைல்தான். மேடு பள்ளம் இல்லாத, கண்ணுக்கு எட்டிய வரை வயல் மட்டுமே தெரியும் சமவெளி. ஒளிந்துகொள்ள ஒரு புதர்கூட இல்லாத இடம் என்பதுதான் எனக்குத் திரும்பத் திரும்பத் தோன்றியது.

1962 ஆகஸ்ட் 31 அன்று ரூல்வில்லிலிருந்து இண்டியனோலாவுக்குப் பதிவு செய்யப் போனவர்கள் 18 பேர். பழைய பேருந்து ஒன்றில் கிளம்பினார்கள். அதில் ஒருவர் ஃபேனி லூ ஹேமர். பண்ணையார் நிலத்தில் விளைச்சலைப் பங்கிட்டுப் பருத்தி பயிரிடும் குடும்பத்தில் இருபதாவது குழந்தையாகப் பிறந்தவர், 44 வயது. கறுப்பினத்தவருக்கு ஓட்டுரிமை உண்டு என்பதே அந்த மாதம் சர்ச்சில் நடந்த கூட்டத்தில்தான் தனக்குத் தெரியவந்தது என்று பின்னாளில் சொன்னவர். கிளார்க் அவருக்கு மாநில அரசியலமைப்பின் ஒரு பிரிவைக் கொடுத்தார். ஹேமர் அதைப் பார்த்து எழுதிவிட்டார், விளக்க முடியவில்லை. திரும்பும் வழியில் போலீஸ் பேருந்தை நிறுத்தியது. பேருந்தின் நிறம் பள்ளிப் பேருந்தைப் போல ரொம்ப மஞ்சளாக இருக்கிறது என்று குற்றம் சாட்டி அபராதம் போட்டார்கள். பயணிகளே கையில் இருந்ததைச் சேர்த்துக் கட்டினார்கள்.

வீட்டுக்கு வருவதற்குள் செய்தி பண்ணையாரிடம் போய்ச் சேர்ந்துவிட்டது. 18 ஆண்டுகள் உழைத்த பண்ணை. விண்ணப்பத்தைத் திரும்பப் பெறு, இல்லையென்றால் வெளியே போ என்றார் அவர். நான் உங்களுக்காகப் பதிவு செய்யப் போகவில்லை, எனக்காகப் போனேன் என்று பதில் சொன்னார் ஹேமர். அன்றிரவே வீட்டை விட்டு வெளியேற வேண்டியிருந்தது. பத்து நாள் கழித்து அவர் தங்கியிருந்த நண்பர் வீட்டின் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. விடாமல் படித்து, 1963 ஜனவரியில் சோதனையில் தேறினார். அப்புறமும் அவரால் ஓட்டுப் போட முடியவில்லை. இரண்டு ஆண்டுகளுக்கான வாக்கு வரி ரசீது எங்கே என்று கேட்டார்கள். அதே ஆண்டு ஜூனில் வினோனா ஊர்ச் சிறையில் அவரை அடித்த அடியில் சிறுநீரகமும் கண்ணும் பாதிக்கப்பட்டன. அந்தப் பாதிப்பு கடைசி வரை இருந்தது.

1964 கோடையில் வட மாநிலங்களிலிருந்து ஆயிரத்தை நெருங்கும் எண்ணிக்கையில் மாணவத் தொண்டர்கள் பதிவுக்கு உதவ மிசிசிப்பிக்கு வந்தார்கள். ஜூன் 21 அன்று ஜேம்ஸ் சேனி, ஆண்ட்ரூ குட்மன், மைக்கேல் ஷ்வெர்னர் என்ற மூன்று இளைஞர்கள் காணாமல் போனார்கள். ஆகஸ்ட் 4 அன்று ஒரு மண் அணைக்குள் புதைக்கப்பட்ட நிலையில் உடல்கள் கிடைத்தன. அந்தக் கோடையில் 17,000 கறுப்பின மக்கள் நீதிமன்றப் படியேறிப் பதிவு செய்ய முயன்றார்கள். ஏற்கப்பட்டவை சுமார் 1,600. அந்த 17,000 பேர் மீது எனக்கு இருக்கும் மரியாதையைச் சொல்லில் அடக்க முடியாது. வேலை போகும், வீடு போகும், உயிரும் போகலாம் என்று தெரிந்தே படியேறியவர்கள் அவர்கள்.

பதிவு கிடைக்காதவர்கள் சும்மா இருக்கவில்லை. மிசிசிப்பி சுதந்திர ஜனநாயகக் கட்சி என்று சொந்தமாக ஒரு கட்சியைக் கட்டி, அட்லாண்டிக் சிட்டியில் நடந்த ஜனநாயகக் கட்சி மாநாட்டுக்குப் போய், வெள்ளையர் மட்டுமே அடங்கிய மாநிலக் குழுவுக்குப் பதில் எங்களை உட்கார வையுங்கள் என்று கேட்டார்கள். ஆகஸ்ட் 22 அன்று, யாருக்கு இடம் என்று முடிவு செய்யும் தகுதிக் குழுவின் முன் ஹேமர் பேசினார். நேரடி ஒளிபரப்பு. தெற்கு முழுவதும் கையை விட்டுப் போய்விடும் என்று பயந்த ஜான்சன், திடீரென்று பத்திரிகையாளர்களைக் கூட்டி கேமராக்களைத் தன் பக்கம் திருப்பினார். ஆனால் தொலைக்காட்சிகள் அன்று மாலையே ஹேமரின் பேச்சை மீண்டும் ஒளிபரப்பின. இன்னும் அதிகம் பேர் பார்த்தார்கள்.

கடைசியில் கட்சித் தலைமை கொடுத்தது இரண்டே இரண்டு இடங்கள். அதில் யார் உட்கார வேண்டும் என்பதையும் தலைமையே முடிவு செய்தது. இரண்டு இடத்துக்காக இவ்வளவு தூரம் வரவில்லை என்று ஹேமர் மறுத்துவிட்டார். குடிமை உரிமைச் சட்டத்தில் கையெழுத்திட்ட ஜான்சனை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனாலும் அந்த வாரம் அவர் செய்த கணக்கு நியாயத்திலும் தவறு, அரசியலிலும் தவறு. அவர் தக்கவைக்க நினைத்த வெள்ளையர் குழுவே கட்சிக்கு விசுவாசமாக இருப்போம் என்று உறுதிமொழி கொடுக்க மறுத்து, ஒரு சிலர் தவிர மாநாட்டை விட்டு வெளியேறியது. நவம்பரில் அந்த மாநிலம் அவருக்கு 13 சதவீதம்தான் கொடுத்தது.

அதே நேரத்தில் இன்னொரு தேர்தலும் நடந்தது. அதைப் பற்றி எந்த அதிகாரபூர்வ அட்டவணையிலும் ஒரு வரி இல்லை. அதிகாரபூர்வ வாக்குப்பதிவுக்கு முந்தைய நாட்களில் சுதந்திர ஜனநாயகக் கட்சி தானே வாக்குச் சீட்டு அச்சடித்து, சர்ச்சுகளிலும் கடைகளிலும் பெட்டி வைத்து, பதிவு மறுக்கப்பட்டவர்களிடமும் வாக்குக் கேட்டது. ஜான்சனுக்கு 60,000க்கும் மேல் விழுந்தன. கோல்ட்வாட்டருக்கு இருபதுகூட விழவில்லை. இந்தப் பெட்டிகளில் ஜான்சன் வாங்கிய வாக்குகள், அரசு எண்ணிய பெட்டிகளில் அவர் வாங்கிய 52,618ஐவிட அதிகம். தங்களை மாநாட்டில் கைவிட்ட மனிதருக்கே அவர்கள் வாக்களித்தார்கள் என்பதையும் கவனிக்க வேண்டும். முந்தைய ஆண்டு ஆளுநர் தேர்தலின்போதும் இதே போல ஒரு வாக்கெடுப்பு நடத்தி, சுமார் 80,000 பேரைப் பங்கெடுக்க வைத்திருந்தார்கள். கறுப்பர்களுக்கு அரசியலில் அக்கறை இல்லை, அதனால்தான் பதிவு செய்ய வருவதில்லை என்று மிசிசிப்பி அதிகாரிகள் சொல்லிவந்த கதைக்கு இதைவிட நேரான பதில் கிடையாது.

அரசுக் கணக்கிலும் ஒரு சிறு வேறுபாடு உண்டு. வடகிழக்கு மலைப்பகுதிக் கவுண்டிகளில் கோல்ட்வாட்டரின் பங்கு மாநில சராசரியைவிடக் குறைவு. மத்திய அரசின் டென்னசி பள்ளத்தாக்கு ஆணையத்தின் மின்சாரம் முதலில் வந்த நகரம் அங்கே இருக்கும் டுபெலோ. அந்த ஆணையத்தின் சொத்துகளைத் தனியாருக்கு விற்கலாம் என்று பேசியவர் கோல்ட்வாட்டர். அங்கே கறுப்பின மக்கள்தொகையும் குறைவு. கறுப்பர்கள் அதிகம் வாழ்ந்த கவுண்டிகள் சிலவற்றில் கோல்ட்வாட்டர் உச்சம் தொட்டார் என்பது இந்தத் தேர்தலின் மிகக் கொடூரமான உண்மை என்று நினைக்கிறேன். யார் அதிகம் இருந்தார்களோ அவர்களுடைய குரல் அங்கே மிகக் குறைவாகக் கேட்டது.

ஹோம்ஸ் கவுண்டியைப் பாருங்கள். பத்துக்கு ஏழு பேர் கறுப்பினத்தவர். 1964இல் கோல்ட்வாட்டருக்கு அங்கே விழுந்தது நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேல். இந்தக் கவுண்டியின் கதை எனக்குத் தனியாகப் பிடித்தது. ரூஸ்வெல்ட் காலத்தில் மத்திய அரசு அங்கே மைல்ஸ்டன் என்ற இடத்தில் பண்ணை நிலத்தை வாங்கி, விளைச்சலைப் பங்கிட்டுப் பயிர் செய்துவந்த கறுப்பினக் குடும்பங்களுக்குத் தவணையில் கொடுத்தது. சொந்த நிலம் வந்ததும் பண்ணையார் வெளியே போ என்று சொல்ல முடியாத ஒரு கூட்டம் உருவானது. 1963 ஏப்ரலில் லெக்ஸிங்டன் நீதிமன்றத்துக்குப் பதிவு செய்ய வந்த முதல் குழு பெரும்பாலும் மைல்ஸ்டன் விவசாயிகள்தான். யார் முதலில் என்று அதிகாரிகள் மிரட்டலாகக் கேட்டபோது முன்னால் வந்து நின்றவர் ஹார்ட்மன் டர்ன்போ. அடுத்த மாதமே அவர் வீட்டில் தீக்குண்டு வீசினார்கள். அவர் துப்பாக்கியை எடுத்துத் திருப்பிச் சுட்டார். கடைசியில் தன் வீட்டுக்குத் தானே தீ வைத்தார் என்று அவரையே கைது செய்தார்கள். 1936இல் 97 சதவீதம் கொடுத்த வெள்ளை வாக்காளர்கள் ரூஸ்வெல்ட்டிடமிருந்து எதை எதிர்பார்த்தார்களோ தெரியாது, அந்த அரசின் ஒரு சின்னத் திட்டம் அவர்கள் கட்டிய சுவரில் ஓட்டை போட்டது.

1965 ஆகஸ்ட் 6 அன்று வாக்குரிமைச் சட்டம் கையெழுத்தானது. எழுத்துச் சோதனை போனது. தேவைப்பட்ட கவுண்டிகளுக்கு மத்திய அரசின் பதிவு அதிகாரிகள் வந்தார்கள். 1964இல் நூற்றுக்கு ஏழுகூட இல்லாத கறுப்பின வாக்காளர் பதிவு, 1967இல் ஏறத்தாழ 60ஐ எட்டியது. அந்த ஆண்டே ஹோம்ஸ் கவுண்டியிலிருந்து ராபர்ட் கிளார்க் என்ற ஆசிரியர் மாநில சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். இருபதாம் நூற்றாண்டில் மிசிசிப்பி சட்டமன்றத்தில் உட்கார்ந்த முதல் கறுப்பினத்தவர் அவர். கோல்ட்வாட்டருக்குத் தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் கொடுத்த அதே மண். இடையில் மூன்று ஆண்டுகள்தான்.

அடுத்த அதிபர் தேர்தலான 1968இல் மாநிலத்தில் விழுந்த மொத்த வாக்குகள் 6,54,000ஐத் தாண்டின. ஜனநாயகக் கட்சியின் ஹ்யூபர்ட் ஹம்ஃப்ரீ வாங்கியது 1,50,000க்குச் சற்று மேல், ஜான்சன் வாங்கியதைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு. ஆனாலும் ஜெயித்தது அவர் இல்லை. இனப் பிரிவினையின் முகமாக இருந்த ஜார்ஜ் வாலஸ் 63 சதவீதம் வாங்கினார். வாசல் திறந்தது, வெள்ளை வாக்காளர்களின் மனம் திறக்கவில்லை. 1976இல் ஜிம்மி கார்ட்டர் இரண்டு சதவீதத்துக்கும் குறைவான வித்தியாசத்தில் அங்கே வென்றதைத் தவிர, அதன் பிறகு மிசிசிப்பி ஜனநாயகக் கட்சி பக்கம் வரவே இல்லை. அது அவர்கள் உரிமை. எல்லோரும் ஓட்டுப் போட முடிகிற இடத்தில் யார் ஜெயித்தாலும் அதை அந்த மாநிலத்தின் முடிவு என்று ஏற்றுக்கொள்ள வேண்டியதுதான்.

‘எல்லோரும்’ என்பதில்தான் இன்னும் ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. 1890இல் எழுதிய அந்த அரசியலமைப்பின் 241ஆவது பிரிவு, சில குற்றங்களில் தண்டனை பெற்றவர்களின் ஓட்டுரிமையை ஆயுள் முழுவதும் பறிக்கிறது. முதலில் எழுதிய பட்டியலில் திருட்டு, போர்ஜரி, பொய் சொல்லிப் பணம் வாங்குவது எல்லாம் இருந்தன, கொலை இல்லை. கறுப்பர்கள் அதிகம் செய்வார்கள் என்று தாங்கள் நம்பிய குற்றங்களைப் பொறுக்கி எடுத்துப் போட்டார்கள் என்று மிசிசிப்பி உச்ச நீதிமன்றமே 1896இல் எழுதியது. 1968இல்தான் கொலையும் பாலியல் வன்முறையும் பட்டியலில் சேர்ந்தன. பறிபோன உரிமையைத் திரும்பப் பெற ஆளுநரின் மன்னிப்பு வேண்டும், அல்லது ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக மசோதா கொண்டுவந்து சட்டமன்றத்தின் இரண்டு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வாங்க வேண்டும். 2024 ஜூலையில் ஐந்தாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் இந்தப் பிரிவு செல்லும் என்று தீர்ப்பளித்து, மாற்ற வேண்டுமானால் மிசிசிப்பி சட்டமன்றத்திடம் கேளுங்கள் என்று சொல்லிவிட்டது.